ஒன்று படிக்கிறது, இரண்டு வைத்தால் தடுமாறுகிறது: பண்ணையில் ரீடர் மோதலைத் தவிர்ப்பது எப்படி?

கறவை மாட்டுப் பண்ணையில் மின்னணு காதுவில்லையைப் படிக்கும் ரீடர் ஒன்றை வாசலில் பொருத்துகிறீர்கள். நன்றாக வேலை செய்கிறது. சில மாதம் கழித்துத் தீவனத் தொட்டி அருகே இன்னொன்றைப் பொருத்துகிறீர்கள். அன்று முதல் இரண்டுமே தடுமாறுகின்றன. சில மாடுகள் பதிவாகின்றன, சில மாடுகள் பதிவாவதில்லை. வில்லை பழுதாகிவிட்டது என்று எண்ணிப் புதிய வில்லை மாட்டுகிறீர்கள். அப்போதும் அதே நிலைதான்.

இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் வில்லை நன்றாகவே இருக்கும். ரீடரும் நன்றாகவே இருக்கும். இரண்டு ரீடர்களும் ஒரே நேரத்தில் சிக்னல் அனுப்பி, ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுப்பதுதான் காரணம். இதை 'ரீடர் மோதல்' என்கிறார்கள். இதைத் தவிர்க்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ரீடர்களை எங்கே வைப்பது, எந்த முறையில் இயக்குவது என்பதைக் கொட்டகை போடும்போதே திட்டமிட்டால் போதும்.

மஞ்சள் வில்லையும் மின்னணு வில்லையும்

கால்நடை பராமரிப்புத் துறையினர் நம் மாடுகளுக்குப் போடும் மஞ்சள் காதுவில்லையில் 12 இலக்க எண்ணும் பட்டைக்கோடும் இருக்கும். அதைக் கண்ணால் பார்த்தோ, ஸ்கேன் செய்தோதான் பதிவு செய்ய முடியும். அதில் ரேடியோ கிடையாது.

மின்னணு வில்லை வேறு. அதற்குள் மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் சிறிய சிப்பும் இருக்கும். பேட்டரி இருக்காது. ரீடரின் ஆன்டெனா உண்டாக்கும் காந்தப்புலத்துக்குள் மாடு வந்ததும், அந்தச் சுருளில் மின்சாரம் தூண்டப்படுகிறது. அந்தச் சக்தியில் சிப் தன்னிடம் உள்ள 15 இலக்க எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. முதல் 3 இலக்கங்கள் நாட்டுக்கோ, தயாரிப்பாளருக்கோ உரிய குறியீடு. இந்தியாவின் குறியீடு 356. மீதி 12 இலக்கங்கள் அந்த மாட்டுக்கு உரிய தனி எண்.

எண் எப்படி அமைய வேண்டும் என்பதை ஐ.எஸ்.ஓ. 11784 என்ற பன்னாட்டுத் தரமும், வில்லையும் ரீடரும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதை ஐ.எஸ்.ஓ. 11785 என்ற தரமும் வரையறுக்கின்றன. இவை பயன்படுத்தும் அலைவரிசை 134.2 கிலோஹெர்ட்ஸ். இந்தக் குறைந்த அலைவரிசையைத் தண்ணீரோ சதையோ பெரிதாகத் தடுப்பதில்லை. சேறு பூசியிருந்தாலும், காது நனைந்திருந்தாலும் எண்ணைப் படிக்கலாம். நாய்களின் தோலுக்கு அடியில் செலுத்தப்படும் சிப்களும் இதே வகைதான்.

ஐந்தாறு மாடு வைத்திருப்பவருக்கு நிலையான ரீடர்கள் தேவையில்லை. தேவைப்பட்டால் கைப்பிடி ரீடர் ஒன்று போதும். வாசல், கறவைக் கூடம், தீவன நிலையம் என்று ஒரே கொட்டகையில் பல இடங்களில் ரீடர் வைக்கும் பெரிய பண்ணைகளுக்கும், ஒரே கருவியைப் பகிர்ந்துகொள்ளும் உற்பத்தியாளர் குழுக்களுக்கும்தான் மோதல் பிரச்சினை வருகிறது. ஆஸ்திரேலியாவில் மாடுகளுக்கு மின்னணு வில்லை பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது. 2025 ஜனவரி 1 முதல் பிறக்கும் செம்மறிக் குட்டிகளுக்கும் வெள்ளாட்டுக் குட்டிகளுக்கும் அங்கே அது கட்டாயம். பல நடைபாதைகளில் ஆடுகள் ஒரே நேரத்தில் ஓடிவரும் சந்தைகளில், ரீடர்கள் ஒன்றையொன்று குழப்பாமல் பார்த்துக்கொள்வது முக்கியமான வேலை.

எண் தவறினால் என்ன நஷ்டம்?

கறவை மாட்டுக்கு உடல் பராமரிப்புக்காக 1.5 கிலோ அடர்தீவனமும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 லிட்டர் பாலுக்கும் 1 கிலோ வீதமும் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 15 லிட்டர் கறக்கும் பசுவுக்கு 6.5 கிலோ. 6 லிட்டர் கறக்கும் பசுவுக்கு 3.5 கிலோ. கறவைக் கூடத்தில் அடுத்தடுத்து நிற்கும் இந்த இரண்டு பசுக்களின் எண்ணையும் ரீடர்கள் மாற்றிப் பதிவு செய்துவிட்டால், தானியங்கித் தீவன நிலையம் அடுத்த நாளிலிருந்து நல்ல கறவைக்கு 3 கிலோவைக் குறைத்துவிடும். பால் குறைந்தவளுக்கு அந்த 3 கிலோ கூடுதலாகப் போகும். ஒரு மாதத்தில் இது 90 கிலோ. நல்ல கறவை மெலிந்து பால் குறையும். மற்றவள் கொழுத்துப்போவாள். சினை பிடிப்பதிலும் சிக்கல் வரும்.

மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் பாலை, மருந்துச் சீட்டில் குறிப்பிட்ட நாட்கள் வரை தனியே கறந்து ஒதுக்க வேண்டும். அந்த மாடு கறவைக் கூடத்துக்கு வரும்போது எண் பதிவாகாவிட்டால் கருவி எச்சரிக்காது. அந்தப் பால் மற்ற பாலோடு கலந்துவிடும். ஒரு வில்லை படிக்கப்படாமல் போனதால் மொத்தக் கேனும் வீணாகலாம்.

மோதல் எப்படி நடக்கிறது?

முதல் வகை, ரீடரை ரீடர் மறைப்பது. ரீடரின் ஆன்டெனா அனுப்பும் சிக்னல் வலுவானது. வில்லை திருப்பி அனுப்பும் பதிலோ மிக மிக மெல்லியது. பக்கத்தில் இன்னொரு ரீடர் உரக்கச் சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்தால் அந்த மெல்லிய பதில் அதில் அமுங்கிவிடும். மேளம் அடிக்கும் இடத்தில் காதோரம் சொன்ன சொல் கேட்காததைப் போல.

இரண்டாவது வகை, வில்லையைக் குழப்புவது. இரண்டு ரீடர்களின் காந்தப்புலமும் படும் இடத்தில் மாடு நின்றால், யாருக்குப் பதில் சொல்வது, எப்போது சொல்வது என்று சிப்புக்குத் தெரியாது. சில நேரம் பதிலே வராது.

மூன்றாவது வகை, ஒரே மாடு இரண்டு இடத்தில் பதிவாவது. 2-ஆம் கட்டத்தில் நிற்கும் பசுவை 3-ஆம் கட்டத்து ரீடரும் படித்துவிடும். எண் சரியாக இருக்கும், இடம் தவறாக இருக்கும். இதுதான் கண்டுபிடிக்கக் கடினமானது. ஏனென்றால் கணினியில் எந்தப் பிழையும் காட்டாது.

இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத வேறொன்றும் உண்டு. ஒரே ரீடருக்கு முன்னால் இரண்டு மாடுகள் தலையை நீட்டினால் இரண்டு வில்லைகளும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும். இந்த அலைவரிசையில் வில்லைகளுக்கு முறை வைத்துப் பேசத் தெரியாது. அதனால்தான் ஒற்றை வரிசை நடைபாதை அமைக்கிறோம். ஒரு நேரத்தில் ஒரு தலை மட்டும் ஆன்டெனா முன் வரும்படி அகலத்தைக் குறுக்கினால் அந்தப் பிரச்சினை தீரும். ரீடர் மோதல் அதனால் தீராது.

படிக்கும் தூரம் வேறு, தொந்தரவு தூரம் வேறு

கருவி விற்பவர் 'இது 80 சென்டிமீட்டர் வரைதான் படிக்கும், அடுத்ததை இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள், போதும்' என்று சொல்லக்கூடும். அந்தக் கணக்கு போதாது. 80 சென்டிமீட்டர் என்பது வில்லையைப் படிக்கும் தூரம். பக்கத்து ரீடரைத் தொந்தரவு செய்யும் தூரம் அதைவிடப் பல மடங்கு அதிகம்.

சிறிய ஆன்டெனாவின் காந்தப்புலம் வேகமாகக் குறையக்கூடியதுதான். தூரம் இரண்டு மடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்காகும். மூன்று மடங்கானால் இருபத்தேழில் ஒரு பங்கு. நான்கு மடங்கானால் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. ஆனால் வில்லையின் பதில் அதைவிடவும் மெல்லியதாக இருப்பதால், அறுபத்து நான்கில் ஒரு பங்காகக் குறைந்த பின்னும் பக்கத்து ரீடரின் சத்தமே மேலோங்கி நிற்கும். எனவே இடைவெளி விடுவது உதவும், அது மட்டுமே தீர்வாகாது.

காத்திருக்கும் வில்லை, காத்திருக்காத வில்லை

சந்தையில் இரண்டு வகை மின்னணு வில்லைகள் உள்ளன. எச்.டி.எக்ஸ். என்பது ஒரு வகை. இது ரீடரின் காந்தப்புலத்திலிருந்து சக்தியைச் சேமித்துக்கொண்டு, புலம் நின்ற பிறகு பதில் சொல்லும். எஃப்.டி.எக்ஸ்-பி என்பது மற்றொரு வகை. இது புலம் இருக்கும்போதே பதில் சொல்லிவிடும்.

இரண்டையும் படிக்க வேண்டிய ரீடருக்கு ஐ.எஸ்.ஓ. 11785 ஒரு சுற்று முறையை வகுத்திருக்கிறது. ரீடர் 50 மில்லிவினாடி புலத்தை இயக்கும். பிறகு நிறுத்திக் காது கொடுக்கும். எச்.டி.எக்ஸ். பதில் எதுவும் கேட்காவிட்டால் 3 மில்லிவினாடியில் அடுத்த சுற்றைத் தொடங்கும். பதில் கேட்டால் 20 மில்லிவினாடி வரை மௌனம் காக்கும். எஃப்.டி.எக்ஸ்-பி பதில் வந்துகொண்டிருந்தால், அதை முழுதாகப் பெறுவதற்காகப் புலத்தை 100 மில்லிவினாடி வரை நீட்டிக்கும். ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மில்லிவினாடி.

இங்கேதான் சிக்கல். தன் முன்னால் நிற்கும் மாட்டைப் பொறுத்து ஒவ்வொரு ரீடரும் தன் சுற்றைக் குறைக்கும் அல்லது நீட்டும். அதனால் பக்கத்துப் பக்கத்து ரீடர்கள் சீக்கிரமே தாளம் தப்பிவிடும். ஒன்று மௌனமாகக் காது கொடுக்கும் நேரத்தில் மற்றொன்று புலத்தை இயக்கும். எச்.டி.எக்ஸ். வில்லையின் பதில் அப்போது கேட்கவே கேட்காது.

இதிலிருந்து ஒரு யோசனை கிடைக்கிறது. பண்ணை முழுவதும் ஒரே வகை வில்லையைப் போடுங்கள். இரண்டு வகையும் கலந்திருந்தால் ரீடரின் ஒவ்வொரு சுற்றும் நீளும், படிக்கும் வாய்ப்பு குறையும்.

தீர்வு 1: ஒருசேர இயக்குதல்

எல்லா ரீடர்களும் ஒரே நொடியில் புலத்தை இயக்கி, ஒரே நொடியில் நிறுத்தினால், எல்லாமே மௌனமாக இருக்கும் வேளையில் ஒவ்வொன்றும் தன் மாட்டின் பதிலைக் கேட்கலாம். இதற்கு ரீடர்களுக்கு இடையே ஒத்திசைவுக் கம்பி இழுப்பார்கள். ஒரு ரீடர் தலைமை ஏற்கும். மற்றவை அதைப் பின்பற்றும். கம்பி இல்லாமல், பக்கத்து ரீடரின் புலத்தை உணர்ந்து தானே தாளம் சேர்த்துக்கொள்ளும் கருவிகளும் உண்டு. ரீடர்கள் ஒன்றோடொன்று தாளம் சேர்த்துக்கொள்வதற்காகவே, ஒவ்வொரு பத்தாவது சுற்றும் மாறாமல் 50 மில்லிவினாடி இயக்கம், 20 மில்லிவினாடி மௌனம் என்று இருக்க வேண்டும் என ஐ.எஸ்.ஓ. 11785 சொல்கிறது.

கம்பி இழுப்பதாக இருந்தால் பி.வி.சி. குழாய்க்குள் இழுங்கள். எலி கடித்து ஒத்திசைவுக் கம்பி அறுந்தால் ரீடர் நிற்காது, தாளம் மட்டும் தப்பும். கோளாறு எங்கே என்று தேடுவதற்குள் பல நாள் ஓடிவிடும்.

தீர்வு 2: முறை வைத்து இயக்குதல்

ஒருசேர இயக்கினால் முதல் வகை மோதல் தீரும். ஆனால் கறவைக் கூடத்தில் கட்டங்கள் நெருக்கமாக இருந்தால், பக்கத்துக் கட்டத்து மாட்டையும் சேர்த்துப் படிக்கும் மூன்றாவது வகைச் சிக்கல் நீடிக்கும். அங்கே முறை வைக்க வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது எல்லா மடையையும் ஒரே நேரத்தில் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. ஒவ்வொரு மடைக்கும் முறை வைத்துத் திறந்தால் எல்லா வயலும் நனையும். ரீடர்களுக்கும் இதே ஏற்பாடுதான். ஒன்று இயங்கும்போது பக்கத்தில் இருப்பது சும்மா இருக்கும்.

முறை வைத்தால் ஒவ்வொரு ரீடருக்கும் கிடைக்கும் நேரம் குறையும். அதனால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆன்டெனா முன் படிக்கக்கூடிய பகுதி 1 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். மாடு வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நடந்தால் அந்தப் பகுதியில் 1 வினாடி இருக்கும். ஒரு சுற்று 70 மில்லிவினாடி என்றால், தனி ரீடருக்கு 14 வாய்ப்புகள் கிடைக்கும். இரண்டு ரீடர்கள் முறை வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 7 வாய்ப்புகள். நான்கு ரீடர்கள் முறை வைத்தால் 3 வாய்ப்புகள். நடக்கும் மாட்டுக்கு இது போதும்.

ஆடு அப்படியில்லை. நடைபாதையில் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் துள்ளி ஓடும் ஆடு, அந்த 1 மீட்டரை மூன்றில் ஒரு பங்கு வினாடியில் கடந்துவிடும். தனி ரீடருக்கே 4 வாய்ப்புகள்தான். நான்கு ரீடர்கள் முறை வைத்தால் ஒரே ஒரு வாய்ப்பு. அந்த நேரத்தில் ஆடு தலையைத் திருப்பினால் பதிவு போச்சு. எனவே ஆட்டுப் பட்டியில் முறை வைப்பதைவிட ஒருசேர இயக்குவதே நல்லது. அதோடு நடைபாதையில் ஒரு வளைவோ, சிறு மேடோ அமைத்து ஆட்டின் வேகத்தைக் குறைக்கலாம்.

தீர்வு 3: பக்கத்தில் இருப்பவருக்கு வேறு முறை

நான்கு ரீடர் இருந்தால் நான்கு முறை வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வரிசையாக நான்கு கட்டங்கள் இருக்கின்றன. 1-ஆம் கட்டமும் 3-ஆம் கட்டமும் பக்கத்தில் இல்லை. 2-ஆம் கட்டமும் 4-ஆம் கட்டமும் பக்கத்தில் இல்லை. 1-ஐயும் 3-ஐயும் ஒரே முறையில் இயக்கி, 2-ஐயும் 4-ஐயும் அடுத்த முறையில் இயக்கலாம். அப்போது ஒவ்வொரு ரீடருக்கும் 3-க்குப் பதிலாக 7 வாய்ப்புகள் கிடைக்கும். இதற்கு 1-ஆம் ரீடரின் இயக்கமும் 3-ஆம் ரீடரின் இயக்கமும் ஒருசேரத் தொடங்கி ஒருசேர முடிய வேண்டும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் டேனியல் எங்கல்ஸ், சஞ்சய் சர்மா ஆகியோர் 2002-இல் ரீடர் மோதலை இந்தக் கோணத்தில்தான் ஆராய்ந்தார்கள். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களுக்கு வேறு வேறு நிறம் தீட்டுகிறோம் அல்லவா? அதைப்போலத் தொந்தரவு தூரத்துக்குள் இருக்கும் ரீடர்களுக்கு வேறு வேறு 'நிறம்', அதாவது வேறு வேறு நேரம் கொடுத்தால் போதும். 2003-இல் அவர்கள் ஜேம்ஸ் வால்ட்ரப்புடன் சேர்ந்து 'கலர்வேவ்' என்ற முறையை வெளியிட்டார்கள். அதில் ஒவ்வொரு ரீடரும் தனக்கொரு நேரத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். மோதல் வந்தால் வேறு நேரத்துக்கு மாறி, பக்கத்து ரீடர்களுக்குத் தெரிவிக்கும். அதே நேரத்தை வைத்திருக்கும் பக்கத்து ரீடர் விலகிக்கொள்ளும். மோதல் அதிகமானால் நிறங்களின் எண்ணிக்கையைக் கூட்டும், குறைந்தால் குறைக்கும்.

உங்கள் பண்ணைக்கு இந்தக் கணினி ஏற்பாடெல்லாம் தேவைப்படாது. ஒரு தாளில் கொட்டகையின் வரைபடம் போட்டு, ரீடர்கள் இருக்கும் இடத்தில் புள்ளி வையுங்கள். ஒன்றையொன்று தொந்தரவு செய்யும் புள்ளிகளைக் கோட்டால் இணையுங்கள். கோட்டால் இணைந்தவை ஒரே முறையில் வரக் கூடாது. அந்தத் தாளைக் கருவி பொருத்த வருபவரிடம் கொடுங்கள்.

தீர்வு 4: தேவைப்படும்போது மட்டும் இயக்குதல்

மாடு வராத நேரத்திலும் ரீடர் புலத்தை இயக்கிக்கொண்டே இருக்க வேண்டுமா? வாசலில் ஓர் ஒளி சென்சார் அல்லது கதவில் ஒரு சுவிட்ச் வைத்தால், மாடு உள்ளே வந்த பிறகு ரீடர் இயங்கி, எண்ணைப் படித்ததும் நின்றுவிடும். மற்ற நேரம் மௌனம். மோதலும் குறையும், மின்சாரமும் மிஞ்சும். கறவைக் கூடத்துக்கும் தீவன நிலையத்துக்கும் இது எளிதான வழி.

தீர்வு 5: திசையும் சக்தியும்

இரண்டு ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்தபடி இருந்தால் தொந்தரவு அதிகம். ஒன்றுக்கு ஒன்று செங்குத்தாகத் திருப்பி வைத்தால் தொந்தரவு வெகுவாகக் குறையும். இதற்குச் செலவே இல்லை. அதேபோல் தேவைக்கு மேல் சக்தியைக் கூட்ட வேண்டாம். 50 சென்டிமீட்டர் தூரத்தில் தலை வரும் இடத்தில் 1 மீட்டர் படிக்கும்படி வைத்தால் பக்கத்து மாட்டையும் அது படிக்கும்.

ஜி.ஐ. குழாய், இரும்புச் சட்டம், கம்பி வேலி ஆகியவற்றைக் கவனியுங்கள். ஆன்டெனாவைச் சுற்றி இரும்பு ஒரு மூடிய வளையமாக அமைந்தால் காந்தப்புலத்தின் சக்தியை அது உறிஞ்சிவிடும். ஆன்டெனா பக்கம் மரச் சட்டமோ பிளாஸ்டிக்கோ பயன்படுத்துங்கள்.

சூரிய மின்சக்தி இன்வெர்ட்டர், மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, மலிவான எல்.இ.டி. விளக்கு, மின்வேலிக் கருவி ஆகியவையும் இதே அலைவரிசைப் பகுதியில் இரைச்சல் கிளப்பக்கூடும். இவற்றுக்கும் ரீடருக்கும் ஒரே மின்கம்பியில் இணைப்பு கொடுக்காதீர்கள். சந்தேகம் வந்தால் ரீடரை 12 வோல்ட் பேட்டரியில் இயக்கிப் பாருங்கள்.

கைப்பிடி ரீடர் வைத்திருப்பவர்களுக்கு

மருத்துவரோ களப்பணியாளரோ கைப்பிடி ரீடருடன் நிலையான ரீடர் அருகே வந்தால் மோதல் வரும். ஐ.எஸ்.ஓ. 11785 முறைப்படி, கைப்பிடி ரீடர் முதலில் 30 மில்லிவினாடி காது கொடுக்க வேண்டும். வேறு ரீடரின் சிக்னல் கேட்காவிட்டால் தன் வேலையைத் தொடங்கலாம். கேட்டால், அந்த ரீடரின் அடுத்த இயக்கம் தொடங்கும் வரை காத்திருந்து, அதோடு சேர்ந்து 50 மில்லிவினாடி இயங்க வேண்டும். உங்கள் கருவி இப்படிச் செய்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். இல்லை என்றால், கைப்பிடி ரீடரைப் பயன்படுத்தும் நேரத்தில் நிலையான ரீடரை அணைத்துவிடுங்கள்.

கிடங்கில் பயன்படுத்தும் வில்லை வேறு

விதை மூட்டை, தீவன மூட்டை, பழக் கூடை ஆகியவற்றில் ஒட்டும் மின்னணு வில்லைகள் யு.எச்.எஃப். அலைவரிசையைச் சேர்ந்தவை. சுங்கச்சாவடியில் வாகனக் கண்ணாடியில் ஒட்டும் ஃபாஸ்டேக்கும் இந்த வகைதான். பல மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும். அதனால் அடுத்த வாசலையும் தொந்தரவு செய்யும்.

இந்த வகையில் ரீடர்கள் வேறு வேறு சேனலைப் பயன்படுத்தலாம். இதனால் ரீடரை ரீடர் மறைப்பது குறையும். ஆனால் வில்லைக்குச் சேனலைப் பிரித்துக் கேட்கும் திறன் கிடையாது. எல்லா ரீடரின் பேச்சும் அதற்கு ஒன்றாகவே கேட்கும். அதனால் சேனலை மாற்றினாலும், புலங்கள் ஒன்றின்மேல் ஒன்று படும் இடத்தில் முறை வைத்தே ஆக வேண்டும். ஒரே மூட்டைக் குவியலை இரண்டு ரீடர்கள் எண்ண வேண்டியிருந்தால், ஒவ்வொன்றுக்கும் வேறு 'செஷன்' அமைக்கச் சொல்லுங்கள். எஸ்0 முதல் எஸ்3 வரை நான்கு செஷன்கள் உண்டு. ஒரு ரீடர் எண்ணி முடித்த கணக்கை மற்றொன்று கலைக்காமல் இருக்க இது உதவும்.

இந்தியாவில் இதற்கு உரிமம் தேவைப்படாத அலைவரிசை 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அமெரிக்காவுக்காக 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸில் இயங்கும்படி அமைத்த ரீடரை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி இங்கே இயக்கக் கூடாது. அந்தப் பகுதியில் நம் நாட்டுக் கைபேசிச் சேவையின் அலைவரிசையும் இருக்கிறது.

மோதலா, வேறு கோளாறா?

இதைக் கண்டறிய மூங்கில் குச்சி, அளவு நாடா, உதிரி வில்லை ஆகியவை போதும்.

1. எல்லா ரீடர்களையும் அணையுங்கள். ஒன்றை மட்டும் இயக்குங்கள்.

2. குச்சி நுனியில் வில்லையைக் கட்டி, மாட்டின் காது உயரத்தில் பிடித்து, எவ்வளவு தூரம் வரை படிக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

3. பக்கத்து ரீடரை இயக்கி மறுபடி அளவெடுங்கள். தூரம் குறைந்தால் மோதல் இருக்கிறது. குறையாவிட்டால் அடுத்த ரீடரை இயக்கி அளவெடுங்கள்.

4. ஒற்றை ரீடர் மட்டும் இயங்கும்போதே தூரம் குறைவாக இருந்தால் இரும்பையும் இரைச்சலையும் சந்தேகியுங்கள். மோட்டார், விளக்கு, இன்வெர்ட்டர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

5. கடைசியாக, 20 மாடுகளை மூன்று முறை வாசல் வழியே அனுப்புங்கள். 60 பதிவுகள் வர வேண்டும். விடுபட்டவை ஒரே மாட்டின் எண்ணாக இருந்தால் வில்லையைப் பாருங்கள். வேறு வேறு மாடுகளாக இருந்தால் ரீடர்களைப் பாருங்கள்.

இந்த அளவுகளைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். புதிய தகரக் கூரை போட்ட பிறகும், புதிய மோட்டார் வைத்த பிறகும் மறுபடி அளந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

ஐ.எஸ்.ஓ. 11784, 11785 தரத்துக்கு உட்பட்டதா? எச்.டி.எக்ஸ்., எஃப்.டி.எக்ஸ்-பி இரண்டையும் படிக்குமா, ஒன்றை மட்டுமா?

பக்கத்து ரீடரோடு ஒத்திசைக்க முடியுமா? கம்பி வழியா, கம்பியில்லாமலா? வேறு நிறுவனத்தின் ரீடரோடும் ஒத்திசையுமா?

முறை வைத்து இயக்க முடியுமா? எத்தனை ரீடர் வரை?

சென்சார் இணைக்க வசதி உண்டா? சக்தியைக் குறைக்க முடியுமா?

எல்லா ரீடர்களும் ஒரே நேரத்தில் இயங்கும்போது, என் கொட்டகையில், என் மாடுகளோடு சோதித்துக் காட்டிய பிறகு பணம் வாங்கிக்கொள்வீர்களா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். கடையில் மேசைமேல் ஒற்றை ரீடரை வைத்துக் காட்டும் சோதனையில் மோதல் தெரியவே தெரியாது. களப்பணியாளர்கள் விவசாயிக் குழுக்களுக்குக் கருவி பரிந்துரைக்கும்போது, ஒப்பந்தத்திலேயே இந்தச் சோதனையைச் சேர்க்கச் சொல்லலாம். ஏற்கெனவே இரண்டு மூன்று ரீடர் வைத்துத் தடுமாறுபவர்கள், புதிய வில்லை வாங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். நாளைக் காலை கறவைக்கு முன் ஒரு ரீடரைத் தவிர மற்றவற்றை அணைத்துவிட்டு, அந்த ஒன்று எல்லா மாட்டையும் படிக்கிறதா என்று பாருங்கள். படித்தால் உங்கள் வில்லைகள் நன்றாக இருக்கின்றன. மாற்ற வேண்டியது ரீடர்களின் முறையை.